தவணை நோட்டும் நாடகப் பாடமும்

நாடகம் என்றால் எனக்கு முதலில் கடன்தான் ஞாபகம் வரும். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு சாமிக்குத் திருவிழா நடக்கும். திருவிழா என்றால் ஒரு ராத்திரி நாடகம் உண்டு. பெரும்பாலும் வள்ளி திருமணம். யாராவது வேண்டுதல் என்று செலவை ஏற்றுக்கொண்டால் அரிச்சந்திர மயான காண்டம். வள்ளி திருமணத்துக்கு இளவட்டங்கள் மேடையை ஒட்டி இடம் பிடிப்பார்கள். அரிச்சந்திராவுக்குக் கிழவிகள் சாயங்காலமே பாயைக் கொண்டுபோய் விரித்துவிடுவார்கள். நான் அப்பத்தாவோடு போகிற பிள்ளை. எனக்குக் கிழவிகள் வரிசைதான்.

எங்கள் பக்கத்து நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதுதான் சிலர் ஒருத்தரையொருத்தர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஒத்திகையெல்லாம் இல்லை. இந்த நாடகங்களுக்கு வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்துபோனார். அவர் போட்டுக்கொடுத்த தடம் இன்னமும் இவர்களை விடிய விடிய ஒரே மேடையில் நிறுத்துகிறது.

பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் பாட ஆரம்பிப்பார். அப்புறம் பபூன், டான்ஸ், இரண்டு பேரும் போடுகிற சண்டை. அதற்குள் நான் தூங்கியிருப்பேன். அப்பத்தா என்னை உலுக்கி எழுப்புவது இரண்டே இடத்தில். ஒன்று, நட்சத்திரேயர் வரும்போது. இன்னொன்று, சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வரும்போது.

நட்சத்திரேயரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விசுவாமித்திரருக்குத் தரவேண்டிய பொன்னுக்கு அரிச்சந்திரன் கெடு கேட்கிறான். நாட்டைத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே, கையில் ஒன்றும் இல்லை. கடனை வசூல் பண்ணிவர முனிவர் கூடவே அனுப்பிவைக்கும் ஆள்தான் நட்சத்திரேயர். ராஜா, ராணி, பிள்ளை மூன்று பேரும் காசிக்கு நடந்தால் இவரும் பின்னாலேயே நடப்பார். கால் வலிக்கிறது, தூக்கு என்பார். தூக்கினால் பசிக்கிறது என்பார். உட்கார்ந்தால் எழுந்திரு என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். காசியில் காலகண்டையர் வீட்டுக்குச் சந்திரமதியும் மகனும் விலைபோவது முனிவரின் கடனுக்கு. அதோடு விட்டாரா மனுஷன்? இத்தனை தூரம் நடந்து வந்தேனே, என் தரகுக்கூலி எங்கே என்று நிற்பார். அதற்காகத்தான் அரிச்சந்திரன் சுடலை காக்கும் வேலைக்கு வீரபாகுவிடம் தன்னை விற்றுக்கொள்கிறான். அசலுக்குப் பெண்டாட்டி பிள்ளை, தரகுக்குத் தான். இந்த இடத்தில் அப்பத்தா சிரிக்க மாட்டாள். "கடன் குடுத்தவனைக்கூட நம்பலாம்டீ. வசூலுக்கு வர்றவன்தான் உசுரை எடுப்பான்" என்பாள்.

காந்தி சின்ன வயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்துத்தான் உண்மைமேல் பற்று வைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இருக்கலாம். எங்கள் வரிசைக் கிழவிகள் உண்மைக்காக அழுது நான் பார்த்ததில்லை. அவர்கள் அழுததெல்லாம் கால் பணத்துக்காக.

பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனை எரிக்க வேண்டும். சுடலை காப்பவன் கட்டணம் கேட்கிறான்: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. வாய்க்கரிசி அவன் பங்கு, மற்றது எஜமானுக்கு. தன் எதிரில் நிற்பது பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வருஷம் அந்தக் காட்சியில் ஸ்திரீபார்ட் அக்கா மேடையைவிட்டு இறங்கிப் பாய்களுக்கு நடுவில் வந்துவிட்டார். சுருட்டிய துண்டுதான் பிள்ளை. அதை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையால் முந்தானையை ஏந்தினார். ராத்திரி பூராவும் வேர்த்ததில் பவுடர் கோடுகோடாக இறங்கிக் கழுத்தில் சேறாக நின்றது. அப்பத்தா சுருக்குப்பையைப் பிரித்து, ஐந்து ரூபாய்க் காசைத் தொட்டுப் பார்த்து, அதை விட்டுவிட்டுப் பத்து ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டாள். "நல்லா இருங்கம்மா" என்று அந்த அக்கா தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார். அடுத்த நொடி சந்திரமதி குரலில் ஒப்பாரி வைத்தபடி அடுத்த பாய்க்குப் போனார். கழுத்தில் கிடக்கும் தாலியை விற்றாவது கட்டு என்று அரிச்சந்திரன் சொல்வதும், புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற தாலி அது என்பதால் அவள் அவனை அடையாளம் கண்டுகொள்வதும் அப்புறம்தான். அதற்குள் எங்கள் வரிசை அழுது முடித்திருக்கும்.

அப்பா இதற்கெல்லாம் வரமாட்டார். மறுநாள் காலையில் லைனுக்குப் போகவேண்டும். அப்பா தவணைக்குத் துணி விற்கிறவர். மதுரையில் சுங்குடி, சின்னாளபட்டிச் சேலை, நைட்டி, போர்வை என்று மொத்தக் கடையில் கடனுக்கு எடுத்து, டிவிஎஸ் 50-இல் பின்னாலும் முன்னாலும் கட்டிக்கொண்டு, கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரி பக்கத்து ஊர்களில் இறங்குவார். சேலையைக் கையில் கொடுத்துவிட்டு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு வாங்குவார். எங்கள் வீட்டில் அப்பா அரிச்சந்திரன். அந்த ஊர்களில் அவர் நட்சத்திரேயர். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நாடகம் பார்க்கும்போது பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பாட்டி, மேடையில் நட்சத்திரேயர் வந்ததும் என் தொடையைக் கிள்ளி, "இந்தா, உங்கப்பன் வந்துட்டான்" என்றாள். அப்பத்தா அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தவணை நோட்டு எழுதுவது என் வேலை. அப்பாவுக்கு எழுத வரும், கூட்ட வராது. நீள நோட்டு. இடது பக்கம் ஆள், நடுவில் சரக்கு, வலது பக்கம் வரவும் பாக்கியும். ஆட்களுக்குப் பேரே இருக்காது. 'கிணத்தடி வீட்டு அக்கா', 'ரேஷன் கடைக்குப் பின்னாடி', 'மருமகள் சண்டைக்காரி', 'பச்சை பார்டர் மாத்திக் கேட்டது'. அப்பா சட்டைப்பையிலிருந்து துண்டுச் சீட்டுகளை எடுத்துப் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் எழுதுவேன். அம்மா அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். "இந்த வாரம் எப்படி?" என்பாள். "பரவால்ல, மூவாயிரத்துக்குக் குறையாது" என்பார் அப்பா. நான் கூட்ட ஆரம்பித்ததும், "அதுல ரெண்டு சீட்டு போன வாரத்தது" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "நத்தத்துக்காரம்மா அடுத்த வாரம் சேத்துத் தர்றேன்னிருச்சு" என்பார். நான் அடிக்கோடு போடும்போது ஆயிரத்துச் சொச்சம் நிற்கும். பெட்ரோல் போக, மொத்தக் கடைக்குப் போக மிச்சம் என்ன என்று அம்மா வாய்விட்டுக் கேட்டதில்லை. என் பென்சில் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பாள்.

பிளஸ் டூ முடித்து மதுரையில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். முதல் நாடகம் வெனிஸ் வணிகன். மூவாயிரம் டுகாட் கடன், மூன்று மாதக் கெடு, தவறினால் ஒரு பவுண்டு சதை. இதையே பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதைப் பேராசிரியை சொல்ல, நான் நோட்டில் ஓரமாக எழுதிக்கொண்டேன். நாடகம் எனக்கு ஒட்டவில்லை. கெடு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் அந்த வீட்டு வாசலில் வந்து உட்காரவே இல்லையே. வாராவாரம் வசூலுக்கு ஆள் வராத கடன் என்ன கடன்?

இப்சனின் 'பொம்மை வீடு' வேறு மாதிரி. 1879-இல் வந்த நாடகம். கடைசியில் நோரா கதவைச் சாத்திவிட்டுப் போகிற சத்தத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் அவ்வளவு பேசினோம். ஜெர்மனியில் ஒரு நடிகை பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் தாயாக நடிக்கமாட்டேன் என்று மறுக்க, இப்சனே வேண்டாவெறுப்பாக முடிவை மாற்றி எழுதிக்கொடுத்த கதையையும் பேசினோம். எனக்கு மனசில் நின்றது கதவு இல்லை, தேதி. புருஷனைக் காப்பாற்ற நோரா கடன் வாங்குகிறாள். பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து அவளுடைய அப்பாவுடையது. அப்பா செத்தது செப்டம்பர் 29, கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. செத்தவர் எப்படி மூன்று நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டார்? அப்புறம் அவள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு நகலெழுதிச் சம்பாதித்தும் தவணை கட்டுகிறாள். கூடப் படித்த பிள்ளை ஒருத்தி, "இவ்வளவு விவரம் இல்லாமலா இருப்பாள்?" என்றாள். குழுக் கடன் பாரத்தில் 'கணவர் கையெழுத்து' என்ற கட்டத்தை எங்கள் தெருவில் யார் யார் எப்படி நிரப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

அதற்கடுத்த வருஷம் ஆர்தர் மில்லர். 'ஒரு விற்பனையாளனின் மரணம்'. 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் எலியா கசான் இயக்கி மேடையேறியது, அந்த வருஷமே புலிட்சர் பரிசு. வில்லி லோமனுக்கு அறுபத்து மூன்று வயது. இதெல்லாம் கைடிலேயே இருக்கும். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான் வரும்: வில்லி துன்பியல் நாயகனா, இல்லையா? அமெரிக்கக் கனவு என்று தொடங்கி நாலு பக்கம் நிரப்பினால் மதிப்பெண் உறுதி. நானும் நிரப்பினேன்.

ஆனால் முதல் அங்கத்தில் ஒரு கணக்கு வருகிறது. பழைய நாள் ஒன்றில் வில்லி ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறார். பிராவிடன்ஸில் ஐந்நூறு, பாஸ்டனில் எழுநூறு விற்றேன் என்கிறார். மனைவி லிண்டா பென்சிலும் தாளும் எடுத்துக் கமிஷனைப் போடுகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் என்று வாய்பிளக்கிறாள். உடனே வில்லி இறங்க ஆரம்பிக்கிறார். பிராவிடன்ஸில் நூற்றெண்பது இருக்கும் என்கிறார். அப்புறம், இல்லை, மொத்தப் பயணத்துக்குமே இருநூறுதான் என்கிறார். கமிஷன் எழுபது டாலர் சில்லறைக்கு வந்து நிற்கிறது. கட்டவேண்டியதை அவள் வரிசையாகச் சொல்கிறாள்: ஃப்ரிட்ஜுக்குப் பதினாறு, வாஷிங் மெஷினுக்கு ஒன்பது அறுபது, வேக்குவம் கிளீனருக்கு மூன்றரை, கூரைக்கு இருபத்தொன்று. பதினைந்தாம் தேதிக்குள் நூற்றிருபது டாலர் வேண்டும். வகுப்பில் இந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிப் போனார்கள். எனக்கு லைப்ரரியில் வைத்துப் படித்தபோது பூண்டு வாசனை வந்தது.

லிண்டா கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டே இருப்பாள். புதுக் காலுறைகள் பாஸ்டனில் இன்னொருத்திக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்தக் கதை இல்லை. இருந்தாலும் மூட்டை மூட்டையாகச் சேலை வந்து போன வீட்டில் அம்மா புதுசு உடுத்தி நான் பார்த்ததில்லை. சாயம் இறங்கியது, பார்டர் பிசகியது என்று யாரும் வாங்காமல் திரும்பி வரும் டேமேஜ் பீஸ்தான் அவளுக்கு. அதிலும் நல்லதாக ஒன்று வந்தால், "இதைக் குறைச்சுக் குடுத்தா எடுப்பாங்க" என்று மடித்து மறுபடி மூட்டையில் வைத்துவிடுவாள்.

சாதாரண மனிதனுக்கும் துன்பியல் உண்டு என்று மில்லர் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். அவரோடு எனக்குச் சண்டை அங்கே இல்லை. வில்லி எத்தனையோ பேருக்கு விற்றதாகச் சொல்கிறார். வாங்கிய ஒருத்தர்கூட மேடைக்கு வருவதில்லை. அவரைப் பார்த்ததும் யார் கதவைச் சாத்தினார்கள், யார் மோர் கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. எங்கள் நாடகக்காரர்கள் விவரமானவர்கள். கடன் பட்டவனையும் வசூலுக்கு வருபவனையும் ஒரே வழியில் நடக்கவிட்டு, வசூல்காரனுக்கும் கால் வலிக்கும் என்பதைக் காட்டிவிட்டார்கள். சிரிப்புக்காகத்தான் காட்டினார்கள் என்று சொல்லலாம். சிரித்தால் என்ன?

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு வில்லியின் கதையைச் சொன்னேன். டிவிஎஸ்ஸின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தாளு என்ன யாவாரம்?"

"அதை நாடகத்துல சொல்லவே இல்லப்பா. ரெண்டு பெட்டியோட வருவாரு. கடைசி வரைக்கும் பெட்டியைத் திறக்கமாட்டாரு."

"சரக்கைக் காட்டாம என்னத்த விக்கிறது? சரி, சம்பளமா, கமிஷனா?"

"முன்னாடி சம்பளம் இருந்துச்சு. வயசானதும் கமிஷன் மட்டும்னு ஆக்கிட்டாங்க."

"அப்ப முடிஞ்சுச்சு" என்றார் அப்பா. கதையே அதோடு தீர்ந்த மாதிரி பிளக்கை ஊதினார்.

மீதியையும் சொன்னேன். இருபதாயிரம் டாலர் இன்சூரன்ஸ் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சாகிறார். அடக்கத்துக்கு ஆளே வரவில்லை. வீட்டுக்கடனின் கடைசித் தவணையை அன்றைக்குத்தான் கட்டினேன் என்று கல்லறையில் லிண்டா சொல்கிறாள். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்சூரன்ஸ் பணம் வந்துச்சா, இல்லையா?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிக் காட்சியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மில்லரும் சொல்லவில்லை, கைடிலும் இல்லை, வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை.

"வேணும்னே வண்டியை விட்டா எவன் குடுப்பான்?" என்றார் அப்பா.

"வேணும்னு விட்டாருன்னு யாரு பாத்தா? அந்தம்மா வாயைத் தொறந்திருக்காது."

"இல்லம்மா, அதுக்கு முன்னாடி நடந்த ஆக்சிடென்ட்லயே கம்பெனிக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்றேன்.

"அப்ப வராது" என்றார் அப்பா.

"வரும். இழுத்தடிச்சுக் குடுப்பான்" என்றாள் அம்மா.

சாப்பிட உட்கார்ந்த பிறகும் இது தீரவில்லை. கிளெய்ம் பாரத்தில் லிண்டா கையெழுத்துப் போட்டால் போதுமா, பையன்கள் இரண்டு பேரும் போடவேண்டுமா என்பதில் வந்து நின்றது.