மலைநாட்டுப் பனியில் நான்கு நாட்கள்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது முன்னோர் வாக்கு. கொழும்பு மாநகரில் வாழும் நம்மவர்க்கு இவ்வாக்கின் பொருள் விளங்குதல் அரிது. வெள்ளவத்தைக் கடற்கரையோரத்து வீடுகளிலே தை மாதத்து நள்ளிரவிலும் மின்விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலோ காற்று நுழைவதற்கே இடமில்லை. எனினும், இதே கொழும்பிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தொலைவில், ஒரே பகலிற் சென்றடையத்தக்க இடத்தில், புல்நுனியில் நீர் உறைந்து கிடக்கும் காட்சியை ஆண்டுதோறும் இயற்கை நமக்காக விரித்து வைத்திருக்கிறது.

ரொறன்ரோவில் வாழும் உறவினரின் பிள்ளைகள் வெண்பனியிற் சறுக்கி விளையாடும் படங்கள் கைத்தொலைபேசியில் வந்த நாள் முதலாக, எம் வீட்டுச் சிறுவர்கள் தாமும் பனியைக் காணவேண்டுமென்று நச்சரித்து வந்தனர். கனடாவுக்கோ, கம்பிவட ஊர்தியில் 3,900 மீற்றருக்கு மேலேறிச் சறுக்கி இறங்கும் காசுமீரத்துக் குல்மார்க்குக்கோ செல்ல எமது வருவாய் இடந்தரவில்லை. இலங்கையில் வெண்பனி பொழிவதுமில்லை. ஆனால் உறைபனி உண்டு. அதையேனும் காட்டுவோம் என்று துணிந்தோம். 2025ஆம் ஆண்டில் சுதந்திர தினமாகிய பெப்ரவரி 4ஆம் திகதி செவ்வாய்க்கிழமையில் வந்தது. திங்கட்கிழமைக்கு மாத்திரம் விடுப்பு எடுத்தால் நான்கு நாட்கள் கைக்கு வரும். வாடகைக்கு ஒரு வான் அமர்த்தி, சாரதி உட்படப் பதினொருவர் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

களனியை எதிர்த்து

கொட்டாஞ்சேனையில் அக்காவின் குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டு, களனி கங்கையின் தென்கரையோடு செல்லும் கடுவளை, ஹங்வெல்லை வீதியைப் பிடித்தோம். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தருகிற் கடலோடு கலக்கும் இந்நதியை எதிர்த்துச் செல்வதே அன்றைய முற்பகற் பயணம் எனலாம். அம்பத்தளையைக் கடக்கையில், கொழும்பு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி இங்கேதான் ஆற்றிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கப்படுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அப்ப எங்கடை வீட்டுக் குழாயிலை வாற தண்ணியும் மலையிலை இருந்து வாறதோ?" என்று கேட்டாள் இளையவள். ஆம் என்றோம். அக்கேள்வி பயணம் முழுவதும் எம்மோடு வந்தது.

அவிசாவளையைத் தாண்டியதும் மலைகள் அண்மித்தன. கித்துள்கலையில் ஆற்றங்கரை மரநிழலில் அமர்ந்து, கொண்டு வந்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் பகிர்ந்துண்டோம். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை டேவிட் லீன் இவ்விடத்திலேதான் படமாக்கினார். சயாம் நாட்டுக் காடாகத் திரையிலே தோன்றியது நமது களனிக் கரையே. இன்று அங்கே இளைஞர்கள் காற்றடைத்த படகுகளில் வெள்ளப் பாய்ச்சலோடு இறங்கி மகிழ்கின்றனர். சிவனொளிபாத மலைப்பக்கத்திலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும், அதனோடு கூடும் கெஹெல்கமு ஓயாவுமே களனிக்குத் தாய் தந்தையர்.

கினிகத்தேனைக்குப் பின் வீதி பாம்பெனச் சுருளத் தொடங்கியது. பாட்டியார் ஆளுக்கொரு தேசிக்காயை முகரக் கொடுத்தார். மருந்துக் கடைக் குளிகையிலும் அது நன்கு வேலை செய்தது.

தேயிலையின் நாடு

அட்டன் நகரில் மாணிக்கப் பிள்ளையாரை வணங்கி, சூடான தேநீர் அருந்தினோம். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத யாத்திரைக் காலமாகையால், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் அடியார் கூட்டம் நகரை நிறைத்திருந்தது. சைவர் சிவன் அடி என்றும், பௌத்தர் புத்தர் அடி என்றும், இஸ்லாமியரும் கிறித்தவருட் பலரும் ஆதாம் அடி என்றும் போற்றும் அம்மலைக்கு எல்லோரும் ஒரே படிகளில் ஏறுவது இந்நாட்டின் நல்ல காட்சிகளுள் ஒன்று.

அட்டனிலிருந்து தலவாக்கலை வரை கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தேயிலை. இம்மலைகள் ஒருகாலத்திற் காடாயிருந்தவை. பின்னர் கோப்பித் தோட்டமாயின. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்திலே தேயிலை எழுந்தது. இரண்டையும் நட்டு வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த தமிழ் மக்கள். நோயாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர் பலர். அவர்கள் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது.

டெவன் அருவி 97 மீற்றர், சென் கிளையர் அருவி 80 மீற்றர். இரண்டையும் வீதியோரத்திலிருந்தே காணலாம். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்கு நீர் திருப்பப்படுவதால், சென் கிளையரில் முன்னைய பெருக்கைக் காண்டல் அரிது. நகரத்து விளக்குகளுக்காக ஓர் அருவி தன் அழகிற் பாதியைக் கொடுத்திருக்கிறது.

தலவாக்கலை என்றதும் எமக்கு நினைவு வந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த அக்கவிஞர், தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி உலகறியச் செய்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவரும் அவரே. மறு ஆண்டு நாடு சுதந்திரமடைந்தது. அதே 1948இன் குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களைப் பெருந்தொகையாக நாடற்றவர் ஆக்கியது. மூத்த மகன் உயர்தர வகுப்பில் வரலாறு கற்பவன். வான் ஓடிக்கொண்டிருக்கையில் அவன் சட்டங்களையும் ஆண்டுகளையும் ஒப்புவித்தான். வெளியே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை அப்பொழுதுதான் அவன் உற்றுப் பார்த்தான்.

உறைபனி கண்ட காலை

மாலையில் நுவரெலியா அடைந்தோம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். எனவே கொழும்பு 27 பாகையிலிருக்கும்போது நுவரெலியா 15 பாகையில் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மேகமற்ற, காற்றசையாத இரவுகளில் கதையே வேறு. போர்வை போன்ற முகில் இல்லாமையால் நிலத்தின் சூடெல்லாம் வானுக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீரைப்போற் சரிவிலே வழிந்து பள்ளங்களிற் தேங்கும். அங்கே புல்நுனி உறைநிலைக்குக் கீழே சென்றுவிட, காற்றிலுள்ள ஈரம் நீராகாமலே பனிக்கட்டியாகப் படியும். வானொலியில் நாம் கேட்கும் 'துகள் உறைபனி' இதுவே. மேட்டிலுள்ள தேயிலை தப்பிக்க, பள்ளத்திலுள்ளது கருகுவதன் காரணமும் இதுவே.

ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குக் கம்பளிச் சட்டைகளுக்குள் புகுந்துகொண்டு அம்பேவலை, பட்டிப்பொலை வழியாக ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். பட்டிப்பொலை புகையிரத நிலையம் இலங்கை நிலையங்களுள் மிக உயரமானது. அதை அடையுமுன் கிழக்கு வெளுத்தது. வீதியோரத்துப் பள்ளம் முழுவதும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்மை! சாரதி வானை நிறுத்துமுன்பே பிள்ளைகள் குதித்தோடினர். புல்லைத் தடவி, பனித்துகளை உள்ளங்கையிற் திரட்டி, ஒருவர் கழுத்தில் ஒருவர் வைத்து, கூவி, நகைத்து, அவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது.

அருகே உருளைக்கிழங்குப் பாத்தியில் ஓர் அம்மையார் தலையிலே சாக்கைப் போர்த்தியபடி, வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி ஒவ்வொரு செடிமீதும் தெளித்துக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் ஏன் செடிக்குத் தண்ணீர் என்று கேட்டோம்.

"வெயிலு படுறதுக்குள்ள பனியக் கழுவி விட்டுறணுங்க. இல்லாட்டி எலை பூரா கருகிப் போயிரும். ரெண்டு நாளா இதே வேலதான். நீங்க கொழும்புங்களா?"

"ஓம் அம்மா, வெள்ளவத்தை."

"புள்ளைங்க வெளையாடட்டும். எங்க புள்ளைங்களுக்குத்தான் பனின்னா பயம்" என்று சொல்லி, விறைத்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார்.

பிள்ளைகளின் ஆரவாரம் தானாகவே அடங்கிற்று. மூத்தவனும் அக்காவின் மகனும் ஒன்றும் பேசாமல், ஓடையிலிருந்து நான்கைந்து வாளி நீர் சுமந்து கொடுத்தனர். அவர் வேண்டாமென்று மறுத்தும், புறப்படும்போது ஒரு கட்டு லீக்ஸை எம் வானுக்குள் வைத்துவிட்டே போனார்.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வாயிலில் பைகளைச் சோதித்துப் பிளாத்திக்குத் தாள்களை அகற்றிவிடுகின்றனர்; நல்ல ஏற்பாடு. மரைகள் அஞ்சாமல் மேய்ந்தன. சிவந்த பூக்களோடு 'மகா ரத்மல்' மரங்கள் நின்றன. ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் நடந்து 'உலக முடிவு' என்னும் செங்குத்தான விளிம்பை அடைந்தபோது மணி எட்டரை. கீழே 870 மீற்றர் ஆழத்தில் ஊர்களும் குளங்களும் விளையாட்டுச் சாமான்போற் தெரிந்தன. பத்து மணிக்குள் முகில் மேலேறி எல்லாவற்றையும் மூடிவிடும். காலதாமதம் செய்வோர் வெள்ளைத் திரையையே காண்பர். களனி, மகாவலி, வளவை ஆகிய மூன்று நதிகளும் இச்சமவெளிப் பகுதியிலிருந்து நீர் பெறுகின்றன என்று அங்கே அறிந்த இளையவள், தன் கேள்விக்கு விடை கிடைத்ததென்று தலையசைத்தாள்.

எங்கள் பனிச்சறுக்கு

திங்கட்கிழமை விடியலில் விடுதியின் புற்சரிவிலும் இலேசாகப் பனி படிந்திருந்தது. கடதாசி அட்டைப் பெட்டி ஒன்றை விரித்து, அதன்மேலிருந்து சிறுவர்கள் சறுக்கத் தொடங்கினர். கனடாவுக்கு உடனே படம் அனுப்பப்பட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்த்த பாட்டியார், "இதென்ன பெரிய புதினம்? நாங்கள் சின்னனிலை கமுகமடலிலை இருந்து இழுபட்ட விளையாட்டுத்தானே!" என்றார். ஒருமுறை ஏறி இருங்கோ என்று பேரப்பிள்ளைகள் எவ்வளவோ மன்றாடியும் இணங்கவில்லை.

பகலில், ஆளுநர் கிரெகரி 1873இல் அமைத்த வாவியையும், செங்கல்லாலான பழைய தபாற் கந்தோரையும் கண்டு, பதுளை வீதியில் சீதா எலிய அம்மன் கோயிலுக்குச் சென்றோம். சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் இது என்பது நம்பிக்கை. ஓடையோரத்துப் பாறைக் குழிகளை அனுமன் பாதம் என்று வணங்குகின்றனர். 2024 மே மாதத்திற் குடமுழுக்குக் கண்ட கோயில் புதுப்பொலிவோடு விளங்கியது. அப்பாலுள்ள ஹக்கலைப் பூங்காவில் ரோசாக்கள் மலர்ந்து கிடந்தன.

திரும்பும் வழி

செவ்வாய்க்கிழமை காலை இறம்பொடை வழியே இறங்கினோம். ஒரு தோட்டப் பாடசாலை முற்றத்தில் தேசியக்கொடி ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீருடையணிந்த சிறுவர்கள் குளிரில் நடுங்கியபடியே நிமிர்ந்து நின்று தேசிய கீதத்தைத் தமிழிற் பாடினர். வான் தானாக நின்றதுபோல் நின்றது. இச்சிறுவர்களின் பாட்டன்மார் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பங்கிடப்பட்டவர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை நீங்கலாயிற்று. கொடியின் கீழ் நிற்பதற்கு ஒரு மக்கள் ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தனர் என்பதை எம் மகன் கணக்கிட்டுச் சொன்னான். அதன்பின் புசல்லாவை, கம்பளை, கண்டி, கடுகண்ணாவை என்று வழக்கமான வழி, விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பயணம் முடிந்து பத்துத் திங்களுக்குள், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலால் இம்மலைகள் பல இடங்களிற் சரிந்தன. நாடெங்கும் பல நூறு உயிர்கள் மாண்டன. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் இழப்புப் பெரிது. அச்செய்தியைக் கேட்டபோது எம் வீட்டார் அருவிகளைப்பற்றிப் பேசவில்லை. அந்த அம்மையாரின் பாத்தி என்னவாயிற்று, அப்பிள்ளைகளின் லயம் எந்தச் சரிவின்கீழ் இருந்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தோம்.

தை, மாசியில் மலைநாடு செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்கு ஒருசில சொற்கள். வீதிகளின் நிலையை முன்கூட்டியே விசாரியுங்கள். கம்பளி, தேசிக்காய், பொறுமை ஆகிய மூன்றையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். கொழுந்து பறிப்போரைப் படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். மரக்கறியை வீதியோரத்து விவசாயியிடமே வாங்குங்கள். கொழும்பிற் குழாயைத் திறந்தால் வரும் நீரும், காலையிற் கொதிக்கும் தேயிலையும் அம்மலைகளிலிருந்தே வருகின்றன. அங்கே வாழ்வோர் பேசுவதும் நம் தமிழே. இறங்கி நின்று இரண்டு வார்த்தை பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.