எவ்வளவு 22?

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் பள்ளி ரோபோ போட்டிக்காக ஒரு சக்கரத்தைக் கணினியில் வரைந்து, த்ரீ-டி பிரிண்டரில் எடுத்தான். நடுவில் ஸ்கேட்போர்ட் பேரிங் ஒன்று உட்கார வேண்டும். அதன் வெளி விட்டம் 22 மில்லிமீட்டர், உள் விட்டம் 8. ஓட்டையையும் 22 என்றே வரைந்திருந்தான். பேரிங் உள்ளே போகவில்லை. சுத்தியலால் தட்டினான், சக்கரம் பிளந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. "அப்பப்பாவிட்ட கேள்" என்றேன். என் அப்பா ஸ்காபரோவில் 26 வருஷம் பக்டரியில் லேத் அடித்தவர். பேரனோடு அவருக்குப் பேச்சு "சாப்பிட்டியா?"வைத் தாண்டாது. அவனுக்குத் தமிழ் குறைவு, அவருக்கு இங்கிலிஷ் குறைவு.

"தம்பி, ஓட்டை எவ்வளவு?"

"22."

"எவ்வளவு 22?"

அவன் முழித்தான். அப்பா ஒரு தாளை எடுத்து எழுதினார். சரியாக 22 என்று உலகத்தில் எதுவும் இல்லை. அந்த பேரிங்கே 21.991-இலிருந்து 22.000 வரை எதுவாகவும் இருக்கலாம். வரைபடத்தில் ஓர் அளவு போதாது, எதுவரை கூடலாம், எதுவரை குறையலாம் என்றும் எழுத வேண்டும். பிளாஸ்டிக்கில் அச்சிட்ட ஓட்டை பெரும்பாலும் வரைந்ததைவிடச் சின்னதாகத்தான் வரும். அதுதான் சக்கரம் வெடித்த கதை.

பிறகு அவனையே நாலு வளையம் அச்சிடச் சொன்னார்: 22.0, 22.1, 22.2, 22.3. 22.1-இல் கட்டைவிரலால் அழுத்த, பேரிங் இறுக்கமாக உட்கார்ந்தது. ஆனால் 8 மில்லிமீட்டர் போல்ட் மட்டும் லேசாக வழுக்கிக்கொண்டு போனது. ஏன் அது இறுக்கமில்லை என்று அவன் கேட்டான்.

"சக்கரத்தில வெளி வளையம் சுத்துது. சுத்துறது இறுக்கமா இருக்கோணும், இல்லாட்டி வழுக்கித் தேயும். நிக்கிறது கொஞ்சம் தளர்வா இருக்கலாம். கழட்டவும் சுகம்."

அன்றிரவு நான் முதல் முறையாகக் கேட்டேன்: "அங்க நீங்கள் என்னப்பா செய்தனீங்கள்?"

பம்ப் தண்டுகள் என்றார். ஒரு இரவு ஷிப்டில் நாற்பது தண்டு கடைந்து, சூட்டோடு சூடாக அளந்துவிட்டாராம். எல்லாம் சரியாக இருந்தன. காலையில் ஆறின பிறகு பார்த்தால் நாற்பதும் சின்னனாகிவிட்டன. 50 மில்லிமீட்டர் இரும்பு, 40 பாகை கூடச் சூடாக இருந்தால் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்து நிற்கும். அதனால்தான் அளவுகளுக்கெல்லாம் 20 பாகை என்று உலகப் பொது விதி இருக்கிறது. வேலை போய்விடும் என்று மூன்று நாள் நித்திரை இல்லையாம். "அம்மாட்ட கூடச் சொல்லேல்ல."

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'பக்டரி' என்று மட்டும் எழுதியவன் நான். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை மகன் தானாகவே அவருக்கு போன் எடுத்தான். கையில் புதுச் சக்கரம்.

"அப்பப்பா, இது இறுக்கமா, தளர்வா?"

உச்சரிப்பு பிழைதான். அப்பா திருத்தவில்லை. "முதல்ல ஆற விடு, பிறகு அளந்து சொல்லு" என்றார்.