பனமலையில் இளவேனில்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலமாகும். பனிக்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரங்கள் தளிர்த்து நிற்கும். வேப்பம்பூ உதிர்ந்து, வழியெல்லாம் பொரி சிதறினாற்போலக் கிடக்கும். புங்கமரம் தண்ணிழல் விரிக்கும். மாந்தோப்பில் குயில் கூவும். பள்ளிகளுக்கு விடுமுறையும் அக்காலத்தேதான் வருகின்றது. "எங்கே செல்லலாம்?" என்னும் வினா இல்லந்தோறும் எழுகின்றது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் செல்க. அவை கண்ணுக்கு இனியன. உடலுக்குக் குளிர்ச்சி தருவன. ஆயினும், நடுநாட்டிற் பிறந்து, விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்த யான், இளவேனில் வந்தால் மாணவர் சிலரை உடன்கொண்டு பனமலைக்கும் செஞ்சிக்குமே செல்வது வழக்கம். அச்செலவினால் எய்தும் இன்பம் இத்தகையது என்பதை ஈண்டுக் கூறுவேன்.

பனமலை, செஞ்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குன்று சிறியது, அதன் அருகே ஏரி பெரியது. குன்றின்மேல் கோயில் கொண்ட இறைவனுக்குத் தாளகிரீசுவரர் என்பது திருப்பெயர். தாளம் என்பது பனையைக் குறிக்கும் வடசொல். கிரி என்பது மலை. எனவே, ஊரின் பெயரே இறைவனுக்கும் பெயராயிற்று. பெயருக்கேற்ப இந்நிலப்பகுதியில் பனைமரங்கள் மிகுதி. இளவேனிலோ பனையின் பருவம். விடியற்காலையில் இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஏந்திப் பருகுவதும், இளநுங்கினைக் கட்டைவிரலால் தோண்டி உண்பதும் இப்பருவத்தின் இன்பங்கள். உண்டபின் எஞ்சிய கூந்தல் இரண்டினைக் கோலில் கோத்து, வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு ஓடும் சிறுவரைக் காணுந்தோறும் என் அகவை குறைவதாகவே தோன்றும்.

குன்றின் படிகளில் ஏறினால் கோயிலை அடையலாம். இதனை எடுப்பித்தவன் இராசசிம்மன் என்னும் பல்லவ வேந்தன். காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் எடுத்த பெருமகனும் அவனே. காலம் 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கம். விமானத்தைச் சார்ந்து சிற்றாலயங்கள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் சுவரில், சுண்ணப் பூச்சின்மீது வண்ணங்கொண்டு தீட்டிய ஓவியம் இன்றும் காணப்படுகின்றது. உமையம்மை ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடித்து, சுவரில் சாய்ந்தவாறு நிற்கின்றாள். தலையில் மணிமுடி, மேலே குடை, முகம் சற்றே சாய்ந்துள்ளது. அம்மை காண்பது யாது? இறைவன் ஆடும் கூத்து. அக்கூத்தினையும் ஓவியன் அருகே வரைந்திருந்தான். ஆனால், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அவ்வுருவம் பெரிதும் அழிந்து, கோடுகள் சிலவே எஞ்சியுள்ளன. ஆடுவோன் மறைந்தான், காண்பவள் மட்டும் இன்றும் கண்டுகொண்டே நிற்கின்றாள். அவள் முகத்தில் மலர்ந்துள்ள அமைதியை நோக்கியே அக்கூத்து எத்துணை அழகுடையதாக இருந்திருக்கும் என நாம் உணர்கின்றோம். மாணவரை அழைத்துச் செல்லும்போது, இவ்விடத்தில் யான் எதுவும் உரைப்பதில்லை. சிறிது நேரம் பேசாது நிற்குமாறு மட்டும் சொல்வேன்.

பனமலையில் ஒரு பகலைக் கழித்தபின், மறுநாள் வைகறையில் செஞ்சிக் கோட்டைக்குச் செல்லுதல் நன்று. வெயில் ஏறுமுன் மலையேறிவிட வேண்டும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஒருங்கே வளைத்து நிற்கிறது இக்கோட்டை. கலியாண மகாலும், நெற்களஞ்சியமும், ஆனைக்குளமும் அடிவாரத்தில் உள்ளன. சிவாசி 1677 ஆம் ஆண்டில் இதனைக் கைக்கொண்டார். பின்னர் முகலாயர் படை ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகையிட்டு, 1698 ஆம் ஆண்டிலேதான் இதனைப் பற்ற முடிந்தது. யுனெசுக்கோ நிறுவனம் 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக இதனையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஏனைய பதினொன்றும் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை.

இத்தகைய கோட்டையை எத்தனையோ அரசர் ஆண்டனர். அவர்தம் பெயர்களை வரலாறு கற்றோரே அறிவர். ஆனால், தேசிங்குராசன் பெயரை இந்நாட்டில் அறியாதார் இலர். அவன் ஆண்ட காலம் மிகச் சிறிது. 1714 ஆம் ஆண்டில், இளமையிலேயே ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போர்க்களத்தில் மாண்டான். அவன் குலமோ வடநாட்டு இராசபுத்திரர் குலம். ஆயினும், தமிழ்நாட்டு உழவர் அவன் வீரத்தையும், அவன் குதிரையையும், அவன் நண்பனாகிய இசுலாமிய வீரனையும் கதைப்பாட்டாகப் பாடிப் பரப்பினர். கல்மதில் காவாத பெயரை மக்கள் நாவே காத்தது.

கோட்டையினின்று இறங்கி இளைப்பாறியபின், இரவில் காணத்தக்கது ஒன்று உண்டு. அதுவே இச்செலவின் முடிமணி. செஞ்சிக்கு அணித்தே மேலச்சேரி என்னும் சிற்றூர் உள்ளது. பழைய செஞ்சி என்றும் அதனை வழங்குவர். அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலை ஏனைய ஊர்களின் திரௌபதியம்மன் கோயில்களுக்கெல்லாம் முதற்கோயில் எனப் பலர் போற்றுவர். வேனிற்காலத்தில் இவ்வட்டாரத்து ஊர்கள் பலவற்றில் பாரத விழா நிகழும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தை இசையோடு பாடிப் பொருளுரைப்பார். வில்லிபுத்தூரார் இந்நடுநாட்டுச் சனியூரினர் என்பது மரபு; ஆகவே, இம்மக்கள் தம் ஊரார் பாடிய காவியத்தைத் தம் ஊரிலேயே கேட்டு மகிழ்கின்றனர். இரவில் தெருக்கூத்து தொடங்கும். இருவர் திரை பிடிப்பர். கட்டியக்காரன் முன்னே வந்து நகைச்சுவை விளைப்பான். மத்தளமும் தாளமும் முழங்க, முகவீணை ஒலிக்க, மரத்தாற் செய்து கண்ணாடி பதித்த முடியும் புயக்கட்டையும் ஒளிர, வேந்தர் திரையை விலக்கி வெளிப்படுவர். விடியுங்காறும் கூத்து நடைபெறும்.

இவற்றுள் அருச்சுனன் தபசு காணத்தக்கது. நெடிய மரம் ஒன்றை நட்டுப் படிகள் அமைப்பர். பல ஊர்களில் அம்மரம் பனையேயாகும். அருச்சுன வேடந் தாங்கியவர் படிக்கொரு பாட்டுப் பாடி உச்சியை அடைந்து, எலுமிச்சங்கனியும் வில்வமும் திருநீறும் கீழே வீசுவார். மகப்பேறு வேண்டும் மகளிர் முந்தானையை ஏந்தி நிற்பர். விழாவின் இறுதியில், துரியோதனனது பேருருவை மண்ணால் தரையில் அமைத்து, படுகளம் நிகழ்த்துவர். அன்று மாலை தீமிதியோடு விழா நிறைவுறும்.

ஓராண்டு தபசுக்கு முன்னிரவிலேயே வந்து, பாய் விரித்து அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் என் மாணவன், "தாத்தா, இந்தக் கதை உங்களுக்குத் தெரியாததா? ஆண்டுதோறும் ஏன் கண்விழிக்கிறீர்கள்?" என வினவினான். அவர் சிரித்து, "தெரிந்த கதைதான் தம்பி. ஆனால், நாங்கள் வராவிட்டால் அருச்சுனன் யாருக்காக மரம் ஏறுவான்?" என்றார். எழுத்தறியாத அப்பெரியவர் கூறிய விடையினும் சிறந்த கலைநூல் விளக்கத்தை யான் கற்றதில்லை.

மாணவர்களே! கலையைப் படைப்போர் சிலர். அதனை வாழவைப்போர் காண்போரே. யான் சிறுவனாக இருந்தபோது கூத்து முடியும்வரை ஊர் முழுவதும் களத்தில் இருந்தது. இப்பொழுதோ சில இரவுகளில் நள்ளிரவுக்குப் பின் முதியோர் சிலரே எஞ்சியிருக்கக் காண்கின்றேன். ஆடுவோர் களைப்பதில்லை, காண்போரே கலைந்து செல்கின்றனர். பழஞ்சுவர்களில் கரியாலும் கூரிய கல்லாலும் தம் பெயரைப் பொறிப்போரையும் காண்கின்றோம். மழையும் காற்றும் ஆயிரம் ஆண்டில் செய்யும் அழிவை அவர்தம் கை ஒரு நொடியில் செய்துவிடும். அழிந்த வண்ணத்தை மீண்டும் தீட்ட அவ்வோவியன் வாரான்.

ஆகவே, வரும் இளவேனிலில் பெற்றோருடனோ ஆசிரியருடனோ பனமலைக்குச் செல்லுங்கள். நுங்கு உண்ணுங்கள், ஏரிக்கரையில் ஓடி விளையாடுங்கள், கோட்டையின் உச்சியில் நின்று காற்று வாங்குங்கள், ஓர் இரவேனும் விடியும்வரை கூத்துக் களத்தில் அமர்ந்திருங்கள். சுவரைக் கையால் தீண்டாது, கண்ணால் மட்டும் உமையம்மையின் ஓவியத்தைக் கண்டு வாருங்கள். உங்கள் ஊரருகே எக்கோயில் உளது, எக்கூத்து நிகழ்கிறது என்பதையும் கேட்டறியுங்கள். நீங்கள் காணும்வரை அவை வாழும்.