தோய்ச்சல் நேரம்

திருவண்ணாமலையில் எல்லாக் கணக்கும் பௌர்ணமியைச் சுற்றித்தான். விடுதி வாடகை, ஆட்டோ கட்டணம், சிறப்புப் பேருந்து எல்லாமே அதை ஒட்டி நடக்கும். கொல்லப் பட்டறைக்கு மட்டும் அமாவாசைக் கணக்கு. அன்று உலை மூட்ட மாட்டார்கள், சம்மட்டியைத் தொட மாட்டார்கள். கம்மாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஓய்வுக்கு வைத்திருக்கும் நாள் அது. மற்ற நாட்களில், அதுவும் கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த மார்கழியில் போனால், செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் சத்தத்தை வைத்தே பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

மார்கழியில் அங்கே வேலை குவிந்து கிடக்கும். மழை ஓய்ந்து, மலைச்சரிவில் இடுப்பளவு நிற்கும் வாசனைப் புல் காயத் தொடங்கும் சமயம். தை பிறந்ததும் மலையில் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போகிறவர்கள் கத்தி கேட்டு வருவார்கள். கரும்பு வெட்டுக்காரர்களும் அதே நேரத்தில்தான் வருவார்கள்.

காட்டு வேலைக்கு உதவும் பெரிய கத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன். மலையேறிக் கூடாரமடித்துத் தங்கும் இளைஞர்கள் இப்போது இணையத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுக் கத்தி வாங்குகிறார்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் மாவட்டம் இது. அவர்களுக்குக் கத்தி அடித்துக் கொடுப்பவரிடம் கேட்பதுதானே முறை.

ஆசாரிக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். "எத்தனை அங்குலம் வரைக்கும் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நீளத்த அப்புறம் பாத்துக்கலாம் சார். யாருக்கு, எதுக்குன்னு சொல்லுங்க."

யாருக்கு என்பது அவருக்குப் பெரிய விஷயம். கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவருக்கு நுனிப்பக்கம் கனம் வேண்டும். ஓங்கினால் கத்தியின் எடையே சீவிவிட வேண்டும். கரும்பு வெட்டுகிறவருக்கு அகலமும் மெல்லிய தகடும். காலையிலிருந்து மாலை வரை வீசுகிற கைக்குக் கனம் ஆகாது. காட்டுக்குப் போகிறவருக்குக் கொடுவாள். அதன் நுனி உள்பக்கமாக வளைந்து மூக்கு வைத்திருக்கும். கொடியையும் முள்ளையும் அதில் மாட்டி இழுத்து அறுக்கலாம், கையை முள்ளுக்குள் விடவேண்டியதில்லை. இடக்கைக்காரர் வந்தால் ஒருபக்கச் சரிவை மாற்றி அடிப்பார். ஜவ்வாது மலையிலிருந்து வருகிறவர்கள் தேய்ந்து பாதியான பழைய கத்தியைக் கொண்டுவந்து தரையில் வைத்து, "இதே அச்சுல ஒண்ணு" என்பார்களாம். அதற்கு மேல் பேச்சில்லை.

இரும்பு என்று சொன்னாலும் அடிப்பது எஃகைத்தான். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. பாரம் தாங்கி வளைந்து வளைந்து நிமிரவென்றே செய்யப்பட்ட உலோகம். நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேலே கரிமம் கலந்தது. எந்தப் பட்டையும் ஆகிவிடாது. ஓடி ஓடிக் களைத்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஆசாரி பட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிக் கேட்கிறார். கணீரென்று இழுத்து ஒலித்தால் எடுத்துக்கொள்வார். சத்தம் பாதியில் செத்தால் ஓரமாகப் போட்டுவிடுவார்.

பழுத்த பட்டையை வெட்டிரும்பு வைத்துத் துண்டாக்கியதும் அவர் மனைவி சம்மட்டியை எடுத்தார். முன்பு துருத்தி இழுப்பது அவர் வேலையாம். மின்சார ஊதுவான் வந்தபின் கை சும்மா இருக்கவில்லை, சம்மட்டிக்கு மாறியிருக்கிறது. ஆசாரி சிறு சுத்தியால் எந்த இடத்தைத் தட்டுகிறாரோ அந்த இடத்தில் அம்மாவின் சம்மட்டி இறங்குகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிறு சுத்தி பட்டடையின் ஓரத்தில் வெறுமனே ஒரு தட்டு தட்டினால் நிறுத்தென்று பொருள். பட்டையில் சிவப்பு மங்கியதும் அடி நின்றுவிடும். மங்கிய பிறகும் அடித்தால் உள்ளே விரிசல் விழும். மீண்டும் உலை, மீண்டும் அடி. முதுகு கனமாகவும் வாய்ப்பக்கம் போகப் போக மெல்லியதாகவும் இறங்க வேண்டும். அந்தச் சரிவை முழுக்கச் சம்மட்டியிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். அரம் கடைசியில் கொஞ்சம் துடைத்துவிடுவதோடு சரி.

பொழுது சாயும்வரை காத்திருக்கச் சொன்னார். அடித்து முடித்த கத்திகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றும் இன்னும் வெட்டாது. அவற்றுக்குத் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் நெருப்பின் நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதால் பட்டறையில் அதற்கு அந்தி நேரம்தான்.

விளக்கைப் போடவில்லை. கத்தியின் வாய்ப்பக்கத்தைக் கீழாக வைத்து உலைக்குள் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தார். ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் வெளுத்துவிட்டால் அந்த இடம் பின்னால் பொரிந்துபோகும். பதமான சூட்டில் காந்தம் எஃகைப் பற்றாது. 770 டிகிரிக்கு மேல் இரும்பு அந்தக் குணத்தை இழந்துவிடும் என்கிறது இயற்பியல். அவரிடம் காந்தம் கிடையாது, கண்தான். எடுத்தார். தொட்டியில் வாய்ப்பக்கத்தை ஒரு விரற்கடை மட்டும் நீரில் தொட்டு இழுத்தார், சுரீரென்றது. உடனே செங்கல் துண்டால் அந்த விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கண்ணருகே பிடித்தார்.

"இப்ப பாருங்க, சாயம் ஓடும்."

ஓடியது. முதுகில் தேங்கியிருந்த சூடு விளிம்பை நோக்கி வர வர, தேய்த்த இடத்தில் வெளிர் மஞ்சள் படர்ந்தது. அது சுமார் 230 டிகிரி. மஞ்சளுக்குப் பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா. ஊதா 280ஐ ஒட்டி வரும், இன்னும் விட்டால் நீலம். மஞ்சளிலேயே நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் முடிச்சுக் கட்டையில் பட்டதும் பல் விழும். நீலம் வரை விட்டால் வாய் மழுங்கி மடங்கும். காட்டுக் கத்திக்குப் பழுப்பு ஊதாவாக மாறும் அந்த நொடி. சாயம் விளிம்பைத் தொட்டதும் முழுக்கத்தியும் நீருக்குள் போய்விட்டது. வாய்ப்பக்கம் கடினம், முதுகு மெத்து. ஒரே தகட்டுக்குள் இரண்டு குணம். பெரிய கத்தி முறியாமல் வெட்டுவதற்கு அந்த மெத்தென்ற முதுகுதான் காரணம் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. நாமெல்லாம் கூரைத்தான் பார்க்கிறோம்.

இந்தக் கைக்கு இந்த மண்ணில் நீண்ட மரபு உண்டு. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். திருவண்ணாமலைக்குத் தெற்கே, பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மண்மூசைகளில் உருக்கு காய்ச்சிய தடயங்களைக் கண்டறிந்து 1994இல் எழுதினார் சாரதா சீனிவாசன். இரும்பைக் கரிப்பொருளோடு மூசையில் அடைத்துக் காய்ச்சி எடுக்கும் அந்த இந்திய உருக்கை, கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் லண்டனில் ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் ஆநிரை காத்து மடிந்த வீரர்கள் வில்லும் வாளுமாக நிற்கிறார்கள். எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வாளை அடித்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

தை மாதத்தில் மலைக்குப் போனேன். மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையில் 1980களின் இறுதியிலிருந்து மரம் வளர்க்கும் வேலை நடந்துவருகிறது. அதற்கு முதல் எதிரி கோடைத் தீ. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் பல வருடத்துக் கன்றுகள் ஒரு பிற்பகலில் போய்விடும். அதனால் சரிவில் குறுக்காகப் பல அடி அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, வெறும் மண்ணாகச் சுத்தம் செய்கிறார்கள். தீ அங்கே வந்து நின்றுவிட வேண்டும்.

புல்லுக்கு அரிவாள், உண்ணிச்செடிக்கும் முள்ளுக்கும் கொடுவாள். முன்னால் வெட்டிக்கொண்டு போன அக்காவின் வீச்சைக் கவனித்தேன். தண்டுக்கு நேர் குறுக்கே அவர் வெட்டுவதேயில்லை. சாய்வாகத்தான் இறக்குகிறார், நாரோடு சாய்ந்து போவதால் பாதி பலம் போதும். கத்தி இறங்கி முடியும் இடம் எப்போதும் காலுக்கு வெளியே இருக்கும். சரிவில் மேல்நோக்கி நின்று வெட்டுகிறார், அவருக்குக் கீழே அந்த நேரம் யாரும் நிற்கக் கூடாது. பிடியை இறுக்குவதும் இல்லை. கத்தி இலக்கைத் தொடும் நேரத்தில் மட்டும் விரல்கள் மூடுகின்றன. கன்றுக்கு முட்டுக்கொம்பு வேண்டியிருந்தது. பருத்த கொம்பின் தலையில் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் முதுகில் தட்டினார், நெடுக்காகப் பிளந்தது. அதே கத்தியின் நடுப்பகுதியால் சீவிக் கூராக்கி மண்ணில் இறக்கினார். கோடாலி, உளி, சூரிக்கத்தி மூன்றின் வேலையையும் அது ஒன்றே செய்தது.

கத்தியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையில் தரவில்லை. பாறைமேல் வைத்து, "எடுத்துக்கோங்க" என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது நம்பிக்கை. கூரான பொருளைக் கைமாற்ற அதைவிடப் பத்திரமான வழியும் இல்லை.

"தீ வந்துட்டா இதுதாங்க மொத வேலை செய்யும்," என்றார். தண்ணீர் கொண்டுபோக முடியாத சரிவில் பச்சைக் கிளையை வெட்டி, தழையால் அடித்துத்தான் தீயை அணைக்கிறார்கள். அடிக்க அடிக்கத் தழை கருகும். அடுத்த கிளை வேண்டும். அந்தச் சமயத்தில் மழுங்கிய கத்தி கையிலிருந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படி ஒரு கருவியை ஊர் எப்படிப் பார்க்கிறது? சுவரொட்டியில் கதாநாயகன் கையில், செய்தியில் குற்றவாளி கையில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் இந்த மாவட்டத்துக்காரர்கள். கோடாலியாலும் கற்களாலும் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வெட்டுக் கருவி வைத்திருந்ததே ஏழையின் மேல் சாட்சியாகிவிடும் என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம்.

2021இல் தமிழகக் காவல்துறை, பட்டறைகளில் கத்தி, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை எழுதிவைக்கச் சொன்னது. ஆசாரி நோட்டை எடுத்துக் காட்டினார். பிள்ளையார் சுழி போட்டு, கோடு கிழித்து, ஒழுங்காக எழுதியிருந்தது. "யாருக்கு, எதுக்குன்னு நான் மொதல்லேந்தே கேக்கறதுதான் சார். இப்ப எழுதியும் வைக்கிறேன்." கெட்ட நோக்கத்தோடு வருகிறவன் நீளத்தைத்தான் முதலில் கேட்பான் என்றும் சொன்னார். நானும் நீளத்தைத்தான் முதலில் கேட்டிருந்தேன். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

கூடாரத்தோடு காட்டுக்குப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். முதலில், காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் வெட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சொந்த நிலமோ அனுமதி பெற்ற முகாமோ இருந்தால்தான் கத்திக்கு வேலை. முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தியை வாங்காதீர்கள். கட்டையால் முதுகில் தட்டிப் பிளக்க முடியாது, அந்தப் பற்கள் கட்டையைத் தின்றுவிடும். காம்பு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். பிடியின் முடிவில் சற்றுப் புடைப்பு இருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தவரிடம் திரும்பப் போக முடிகிற கத்தியாக இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கலாம். பதம் போனால் இந்த உலையில் அதற்கு வழியில்லை. பட்டறைக் கத்தி வருடத்துக்கு ஒருமுறை வந்து, காய்ச்சித் தட்டி, மறுபடி தோய்ச்சல் வாங்கிக்கொண்டு போகும். கத்தி விற்பதைவிட அந்த மறுவேலைதான் பட்டறையை நடத்துகிறது. சாலையோரம் கூடாரம் போட்டு அடித்துத் தரும் மத்தியப் பிரதேசத்துக் குடும்பங்களின் வேலையும் சுத்தமானதுதான், ஆனால் அடுத்த வருடம் அவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ.

ஆசாரியின் மகன் செய்யாறு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நேரம் கிடைக்கும்போது பட்டறைக்கு வருவார். பட்டை தேர்ந்தெடுப்பார், அடிப்பார், காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கிப் பூண் போடுவார். "எல்லாம் செய்வான். தோய்ச்சல் மட்டும் இன்னும் வரல," என்றார் அம்மா. கையில் குறையில்லை. பொழுது சாயும் அந்த நேரத்தில் பையன் கம்பெனி பேருந்தில் இருப்பார். ஷிப்டு மாறும் வாரத்தில்தான் அந்தியில் வீட்டில் இருக்க முடிகிறது. அந்த வாரத்துக்கென்று ஆசாரி சில களைக்கொத்துகளையும் சின்ன அரிவாள்களையும் தோய்ச்சல் போடாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறார். கெட்டாலும் பெரிய நட்டமில்லாத சரக்கு. கொடுவாளை அடுத்த வருடம் தொடட்டும் என்கிறார்.