வாசல்வரை போய்க் கூப்பிடுவது

"ஒருநாள் எங்க கோயிலுக்கு வாங்களேன்" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். நாள், நேரம், யார் வந்து கூட்டிப்போவது எல்லாம் சொல்லவேண்டும். "ஞாயித்துக்கிழமை அறுப்புப் பண்டிகை அக்கா, எட்டரைக்கு ஆட்டோவோட உங்க வாசலுக்கு வந்துடறேன்." இப்படி.

சித்தூரில் என்னை இதில் பழக்கியவர், சபையின் பெண் ஊழியரான ஒரு பைபிள் உமன் பெரியம்மா. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியில் வந்த சபை எங்களுடையது. வீடுவீடாகப் போவது அந்த நாளிலிருந்து வரும் பழக்கம். பெரியம்மா நோட்டீஸ் கொண்டுபோகமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து பிள்ளையின் பரீட்சை, மாட்டின் சினை எல்லாம் விசாரித்துவிட்டு, செருப்பு மாட்டும்போதுதான் கூப்பிடுவார். தெலுங்கு வீட்டாரைத் தெலுங்கு ஆராதனைக்கு, தமிழ் வீட்டாரைத் தமிழ் ஆராதனைக்கு. திருவிருந்து ஞாயிறு மட்டும் கூடவே கூடாது. எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போனால் வந்தவர் பெஞ்சில் தனியாக முழிப்பார். கீர்த்தனைப் பாட்டுக்குப் பக்கம் எடுத்துக் கொடுங்கள். காணிக்கைப் பை பக்கத்து வரிசைக்கு வரும்போதே, "நீங்க போடவேண்டாம்" என்று காதில் சொல்லிவிடுங்கள்.

நோய்ப்பட்ட வீட்டில் பெரியம்மா மகா கண்டிப்பு. "கட்டில்ல கிடக்கறவங்களுக்குக் கஞ்சி கொண்டுபோ. கோயில் பேச்ச எடுக்காத. எழுந்து நடக்கட்டும், அப்புறம் கூப்பிடு. வேணாம்னு சொல்ற தெம்பு வரணும் இல்ல?"

திருப்பதிக்குக் குடிவந்த பிறகு அந்தக் கண்டிப்பின் அருமை தெரிந்தது. லுத்தரன் சபைகள் இங்கே பழையவைதான். ஆனாலும் ஊரின் பிழைப்பு மலையை நம்பி. திருமலையில் வேற்றுமதப் பிரசாரம் கூடாதென்று 2007-லேயே சட்டம் வந்தாயிற்று. புதிதாக ஊழியம் பழகும் வாலிபர்களிடம், மலைக்கு நடந்து ஏறும் வழி தொடங்கும் அலிபிரிப் பக்கமே நோட்டீஸ் பையோடு போகாதீர்கள் என்பேன். சட்டமே இல்லாவிட்டாலும் நான் போகமாட்டேன். சாமி கும்பிட நடந்து வருகிறவரை வழிமறிப்பது எந்த ஊர் மரியாதை? புரட்டாசியில் அக்கம்பக்கத்தில் யாரையும் நான் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு அப்போது சனிக்கிழமை விரதம், தளிகை என்று ஆயிரம் வேலை.

மே மாதம் கங்கம்மா ஜாதரைத் திருவிழாவுக்கு எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிடுவார். படைத்ததை நான் சாப்பிடமாட்டேன் என்று தெரியும். எனக்கு மட்டும் படைக்கும் முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்திருப்பார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் வருவார், கடைசி வரிசையில் ஃபேனுக்கு நேராக உட்காருவார், எங்கள் சபை ஐயரின் பிரசங்கம் பாதியில் கிளம்பிவிடுவார். மற்ற ஞாயிறுகளில் வந்ததே இல்லை. நான் கேட்டதும் இல்லை. போன டிசம்பரில் வழக்கம்போல வாசலில் நின்று நேரம் சொன்னேன். "ஐயர் பேசி முடிக்கிற நேரத்தச் சொல்லும்மா, கேக்குக்குச் சரியா வந்துடறேன்" என்றார்.