இந்தக் கோடு எந்தத் தேதிக்கு?

"சார், இந்தக் கோடு இருக்கிறதே, இது எங்கள் பையன்."

பிரிட்டிஷ் தரைப்படைத் தலைமையகம் ஒன்றின் மாதிரிப் படத்தைச் சுவரில் ஒட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த சார்ஜென்ட் எழுந்து வந்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நான் இழுத்திருந்த அம்பின் மேல் விரலை வைத்துச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. "கார்ப்பொரல் ஒருவன். இந்தக் கம்ப்யூட்டரில் வருவதை சிடியில் ஏற்றி, கூடாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்துபோய், அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் போடுவான். இரண்டும் வேறு வேறு ரகசியத் தரம். நடுவில் ஒயர் இழுக்க அனுமதி கிடையாது."

என் படத்தில் அது தானியங்கி இணைப்பு. எனக்குக் கொடுத்த ஆவணத்தில் அப்படித்தான் இருந்தது. ஆவணத்தின் மேலும் தவறில்லை. சில வருடம் கழித்து வரப்போகிற கருவியைப் பற்றி அது பேசிக்கொண்டிருந்தது. தேதியைப் பார்க்காதவன் நான்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

என் தொழிலுக்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். ஊரில் யாராவது கேட்டால் வீட்டு உதாரணம்தான் சொல்வேன். ஒரே வீட்டுக்கு மேஸ்திரியிடம் ஒரு படம் இருக்கும், எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று, பிளம்பரிடம் ஒன்று. மூன்றும் ஒரே சுவரைத்தான் காட்டுகின்றன என்பதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புத் துறையில் அந்த வேலையை ஒழுங்குபடுத்தத்தான் சட்டகங்கள், அதாவது எந்தப் படத்தில் எதைக் காட்டுவது என்ற விதித்தொகுப்புகள், வந்தன. ஜான் ஜாக்மன் 1987இல் ஐபிஎம் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அமெரிக்கப் படைத்துறை 1990களில் தனக்கென ஒன்றை உருவாக்கி, 2003இல் அதை டோடாஃப் என்று விரித்தது. பிரிட்டன் அதிலிருந்து எடுத்துத் தன் பங்கையும் சேர்த்து 2005இல் மோடாஃபை வெளியிட்டது. நான் கற்றுக்கொண்டது மோடாஃபில்.

அதில் படங்களுக்கு எண் உண்டு. ஓவி-2 என்றால் யாருக்கு யாரிடமிருந்து என்ன தகவல் தேவை என்று காட்டும் படம். அந்தப் படத்தில் வரும் கோட்டுக்கு நீட்லைன் என்று பெயர், தேவைக்கோடு. அது ரேடியோவில் போகிறதா, ஆள் சுமந்து போகிறதா என்பது அங்கே வரவே கூடாது. அதைச் சொல்ல எஸ்வி வரிசைப் படங்கள் தனியாக இருக்கின்றன. சார்ஜென்ட் விரல் வைத்தது எஸ்வி கோட்டின் மேல். தேவைக்கோடு சரி; அதை நிறைவேற்றும் கோடுதான் பிசகு.

இந்தப் பிரிவினை காகிதத்தில் எளிதாகத் தெரியும். ஆட்களோடு உட்கார்ந்தால்தான் தெரியும் கஷ்டம். "நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு மேஜரிடம் கேட்டால், அவர் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரைச் சொல்வார். அது பதிலில்லை. "அது நாளைக்கு நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெள்ளைப் பலகையில் எழுதுவோம், எந்தப் படைப்பிரிவு எங்கே இருக்கிறதென்று" என்பார். அங்கேதான் வேலை வெளியே வருகிறது: தம் படை இருக்கும் இடத்தைத் தெரிந்துவைத்திருப்பது. மென்பொருள் அதற்கு ஒரு வழி, பலகை இன்னொரு வழி. அந்த இரண்டாவது கேள்வியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

எல்லோரும் விரும்புவது ஓவி-1ஐ. மேலே செயற்கைக்கோள், நடுவில் விமானம், கீழே டாங்கி, எல்லாவற்றையும் இணைத்து மின்னல் வெட்டு. அதிகாரிகளின் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்த மின்னல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வாங்க வேண்டிய, பொருத்த வேண்டிய, பழக வேண்டிய ஒரு விஷயம். படத்தில் எல்லா மின்னலும் ஒரே மஞ்சள் நிறம்.

கோட்டுக்குத் தேதி கேட்பது ஏன் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்ல, நான் பொதுவில் வெளியான ஒரு விசாரணையை எடுத்துக்கொள்வேன். 2003 மார்ச் 23, ஈராக் போர் தொடங்கிய முதல் நாட்கள். பணி முடித்துக் குவைத்தில் உள்ள அலி அல் சலேம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ ஜிஆர்4 விமானத்தை, நேச நாடான அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை வீழ்த்தியது. விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். விசாரணைக் குழு கண்டறிந்தவை 2004இல் வெளியாயின.

படித்தால் ஒரு வில்லனும் கிடைக்க மாட்டான். தன் ரேடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று பேட்ரியாட் அமைப்பு அந்த விமானத்தைத் தவறாக வகைப்படுத்தியது. அந்த வகைக்கு வைத்திருந்த வரையறை மிக அகலமானது. நண்பனா பகைவனா என்று கேட்கும் சமிக்ஞைக்கு விமானத்திலிருந்து பதில் வரவில்லை. பதில் அனுப்பும் கருவிக்கு மின்சாரம் நின்றுபோயிருக்கலாம் என்று குழு கருதியது. பேட்ரியாட் வீரர்களுக்கு விரைந்து செயல்படவும் இயந்திரத்தை நம்பவும்தான் பயிற்சி. கடைசியாக, என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தும் வரி: அந்தப் பேட்டரியின், அதாவது ஏவுகணையை ஏவிய படைப்பிரிவின், தகவல் தொடர்புக் கருவித் தொகுதி அமெரிக்காவிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்துப் பேட்டரி வழியாக ரேடியோவில்தான் மேல் தலைமையகத்தோடு பேச முடிந்தது.

போருக்கு ஒரு மாதம் முன்பு யாராவது அந்தப் பேட்டரிக்கு எஸ்வி படம் வரைந்திருந்தால், பேட்டரிக்கும் தலைமையகத்துக்கும் நடுவே தடிப்பாக ஒரு கோடு இருந்திருக்கும். அந்தப் பேட்டரிக்கு என்னென்ன கருவி உண்டு என்ற பட்டியல்படி அது சரிதான். அந்த இரவுக்குச் சரியில்லை. கோட்டின் பாதி இன்னும் வழியில் இருந்தது.

படம் போட்டிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். ஒரு ஓட்டை எத்தனை துறைகளின் ஊடாக ஒரே நேர்க்கோட்டில் போக முடியும் என்று பார்க்கப் பழக்கத்தான் இந்த உதாரணம். பிரிட்டிஷ்காரர்களிடம் அதற்கு ஒரு நல்ல பட்டியல் இருக்கிறது: பயிற்சி, கருவி, ஆள், தகவல், கோட்பாடு, அமைப்பு, கட்டுமானம், தளவாடம். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் 'டெப்பிட் ஆயில்', அதாவது வெதுவெதுப்பான எண்ணெய் என்று வரும். மனப்பாடம் செய்ய அவர்கள் கண்டுபிடித்த வழி. நம் ஊர் வாய்ப்பாட்டுக்குச் சளைத்ததில்லை. ஒரு திறன் தயார் என்றால் இந்த எட்டும் தயார் என்று பொருள். எட்டும் ஒவ்வொரு திட்டத்திலும் எந்தத் தேதியில் எந்த நிலையில் இருக்கும் என்று காட்ட மோடாஃபில் ஏசிவி-2 என்றொரு படம் உண்டு. சட்டகத்திலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். டொர்னாடோ அறிக்கையை எட்டுக் கட்டங்களில் பிரித்துப் போட்டுப் பாருங்கள். பயிற்சி, கருவி, கோட்பாடு, தளவாடம் என்று நாலு கட்டமாவது தயாரில்லை என்று நிறம் மாறும். கருவியை வாங்குகிறவர் தன் கட்டத்தை மட்டும் பார்த்துப் பச்சை அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இன்னொரு பக்கம், எல்லாப் படங்களையும் கேட்கும் ஒப்பந்தங்கள். என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று தெரியாதவர்கள், சட்டகத்தின் பொருளடக்கத்தை அப்படியே ஒப்பந்தத்தில் ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒரு வேலையில் நானும் இருந்திருக்கிறேன். அலமாரி நிறைய ஒப்படைத்தோம், கையெழுத்து வாங்கினோம், பணம் வந்தது. அடுத்த வருடம் போனபோது அந்த அலமாரியில் காபிக் கோப்பைகள் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய்தான். அதை விளைவித்ததில் என் கையும் உண்டு.

சட்டகங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டன் மோடாஃபை விட்டு நேட்டோவின் சட்டகத்துக்குப் போய்விட்டது. அதன் நான்காம் பதிப்பு 2018இல் வந்தது. எண்களைத் திரும்ப மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவே. என் அட்டவணைகளில் முதல் நெடுவரிசை இப்போதும் தேதிதான்.

அந்தக் கார்ப்பொரலுக்கு வருகிறேன். மோடாஃபின் எஸ்வி படத்தில் கருவி மட்டுமல்ல, மனிதரின் பதவியும் ஒரு உறுப்பாக வரலாம். அதனால் அம்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவருடைய பதவியை ஒரு பெட்டியாக வைத்தேன். உள்ளே வருவது சிடி, வெளியே போவதும் சிடி. பக்கத்தில் தேதி. படத்தின் அழகு கெட்டுவிட்டதாக என் மேலாளர் வருத்தப்பட்டார். அடுத்த கூட்டத்தில் சார்ஜென்ட் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கர்னல் கேட்டார்: "இரவு இரண்டு மணிக்கு இவர் தூங்கப் போனால்?"

அந்தத் திட்டத்தை விட்டு நான் விலகும்போது, மாற்று ஆள் என்ற கட்டம் காலியாகத்தான் இருந்தது. சிவப்பு அடித்து வைத்துவிட்டு வந்தேன்.