கேரளத்து ஏணியும் எங்கள் மரமும்



தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர்களில் ஒரு வசனம் தப்பாமல் வரும். "கேரளாவில முஸ்லிம் லீக்கைப் பாருங்க, கட்சி என்டா அப்படி இருக்கணும்." சொல்பவர் அதோடு நிறுத்திவிடுவார், கேட்பவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கட்சி எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிற நாங்களாவது அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டாமா? கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். முழு இந்தியாவுக்கும் எடுத்தால் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் மிகச் சிறிய கட்சி. 2024 பொதுத் தேர்தலில் 543 மக்களவை ஆசனங்களில் அதற்குக் கிடைத்தவை 3. மலப்புறமும் பொன்னானியும் கேரளத்தில், இராமநாதபுரம் தமிழ்நாட்டில். கட்சியின் உயிர் இருப்பது கேரள மாநிலக் கிளையில். நாங்கள் பேசப்போவதும் அந்தக் கிளையைப் பற்றித்தான்.

கட்சியைத் தொடங்கியவர் தமிழர். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். பிரிவினைக்குப் பிறகு இந்தியாவில் லீக் என்று வாய்திறக்கவே பலர் பயந்த காலம். பல மாகாணங்களில் பழைய லீக்கைக் கலைத்துவிட்டு ஆட்கள் காங்கிரஸுக்குப் போனார்கள். 1948 மார்ச் 10ஆம் திகதி சென்னையில், இப்போது ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் கூடி, கட்சி தொடரும் என்று முடிவெடுத்தார்கள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். பின்னாளில் அதே மலபாரின் மஞ்சேரித் தொகுதி, மலையாளி அல்லாத இந்த மனிதரை 1962, 1967, 1971 என்று மூன்று தடவை மக்களவைக்கு அனுப்பியது. வெளியூர்க்காரர் என்ற பேச்சு அவரைத் தோற்கடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பக்கத்து ஊர்க்காரருக்கு வாக்குப் போடவே என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும்!

1956இல் கேரள மாநிலம் உருவானபோது மாநிலக் கிளையின் தலைமைக்கு வந்தவர் அப்துர் ரஹ்மான் பாஃபக்கி தங்கள். (தங்கள் என்பது அங்கே செய்யிது குடும்பத்தாருக்கு வழங்கும் பெயர், நாம் மௌலானா என்பதைப் போல.) அவரோடு நின்றவர் சட்டத்தரணி கே.எம். சீதி சாஹிப். இந்த இருவரையும் எங்கள் ஊர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். பாஃபக்கி தங்கள் சுன்னத் ஜமாஅத்தின் சமஸ்தா உலமா சபையோடு ஒட்டியவர். சீதி சாஹிப் சீர்திருத்த இயக்கத்துக்காரர். கந்தூரி, மவ்லித் விஷயங்களில் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் ஒரே கட்சிப் பலகையின் கீழ் இருந்தன. எங்களிடம் தரீக்காவும் தௌஹீதும் ஒரே மையவாடியில் அடங்கவே தயங்கிய நாட்கள் உண்டு. அங்கும் சண்டை இல்லாமல் இல்லை, இன்றுவரை சமஸ்தாவுக்கும் லீக்குக்கும் இடையில் உரசல் வந்து போகிறது. ஆனால் மார்க்கத் தர்க்கத்தைக் கட்சிக் கூட்டத்துக்குள் கொண்டுவருவதில்லை என்ற பழக்கம் அந்த முதல் தலைமுறையிலேயே ஊன்றிவிட்டது.

அவமானங்களும் நிறைய. 1960இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் காங்கிரஸோடு சேர்ந்து 11 ஆசனம் வென்றார்கள். வென்ற பின் அமைச்சுப் பதவி தரக் காங்கிரஸுக்கு மனம் வரவில்லை, சபாநாயகர் பதவி மட்டும் கிடைத்தது. சீதி சாஹிப் அதில் இருந்து 1961இல் மௌத்தாகிவிட, அந்த இடத்துக்கு வந்த சி.எச். முஹம்மத் கோயா கட்சி உறுப்புரிமையையே விட்டுவிட்டுத்தான் கதிரையில் அமர வேண்டியிருந்தது. அதே ஆண்டில் லீக் அந்தக் கூட்டை விட்டு வெளியேறியது. ஆறு வருடம் கழித்து ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் இடதுசாரிக் கூட்டணியில் சேர்ந்து 14 ஆசனம், இரண்டு அமைச்சர்கள். சி.எச். கல்வி அமைச்சரானார்.

இந்த இடத்தில் ஆசிரியர்களாக நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் செய்வோம். அமைச்சு கைக்கு வந்ததும் அந்தக் கிளை எதைக் கேட்டது? 1968இல் தேஞ்ஞிப்பாலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. 1969 ஜூன் 16ஆம் திகதி, கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களிலிருந்து துண்டுகள் எடுத்து மலப்புறம் மாவட்டம் உருவானது. குட்டிப் பாகிஸ்தான் உருவாக்குகிறார்கள் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது, கூட்டணி அசையவில்லை. எங்களுக்கு மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் ஒலுவிலில் பல்கலைக்கழகம் தந்தார். கரையோர மாவட்டம் மட்டும் இன்னும் தேர்தல் மேடையில்தான் இருக்கிறது.

1980இல் அரபு, உருது, சமஸ்கிருத ஆசிரியர்களைப் பாதிக்கும் அரச உத்தரவுகளுக்கு எதிராக லீக்கின் இளைஞரணி மலப்புறத்தில் திரண்டது. ஜூலை 30ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். உத்தரவுகள் கைவிடப்பட்டன. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் நிலைப்பதற்காக உயிர் போன கதை இது. எங்கள் அரபு மௌலவி ஆசிரியர் நியமனங்கள் வருடக்கணக்கில் இழுபடும்போது நினைவுக்கு வரும்.

இனி எங்களுக்கு உறைக்க வேண்டிய பகுதி. பாஃபக்கி தங்கள் 1973இல் மக்காவில் மௌத்தானார். அதன் பின் கட்சி உடையவும் செய்தது. அகில இந்திய முஸ்லிம் லீக் என்று ஒரு பிரிவு தனியாகப் போய், சில வருடம் இடதுசாரிகளோடு நின்று, 1985இல் திரும்பி வந்து இணைந்தது. 1992இல் பாபர் மஸ்ஜித் உடைக்கப்பட்ட பிறகும் காங்கிரஸ் அரசை விட்டு விலகாததால் கோபம் வெடித்தது. அகில இந்தியத் தலைவராகவே இருந்த இப்ராஹீம் சுலைமான் சேட் 1994இல் பிரிந்து வேறு கட்சி தொடங்கினார். 2006இல் பெரிய தலைகளே தோற்று 7 ஆசனத்துக்கு இறங்கியது. ஐந்து வருடத்தில் 20க்கு ஏறியது. 2016இல் 18, 2021இல் 15. உடைந்தாலும் விழுந்தாலும் வேர் அறவில்லை.

எங்களுக்கு 2000 செப்டம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்தது. அதற்குப் பிறகு மரம், மயில், குதிரை என்று எத்தனை சின்னம்! பிரிந்த மயிலும் குதிரையும் திரும்பி வந்து இணையவில்லை.

வித்தியாசம் ஆட்களின் குணத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். பாஃபக்கி தங்களுக்குப் பிறகு மாநிலத் தலைமை பாணக்காட்டுக் குடும்பத்திடம் போனது. பூக்கோயா தங்கள், 1975 முதல் 2009 வரை மகன் முஹம்மதலி ஷிஹாப் தங்கள், பின் தம்பிமார் ஹைதரலி, இப்போது சாதிக்கலி. பரம்பரைத் தலைமை என்ற விமர்சனம் சரியான விமர்சனம்தான். ஆனால் இந்த மூன்று சகோதரரும் சட்டசபைக்கோ மக்களவைக்கோ போட்டியிடவில்லை. அபேட்சகர்களை அறிவிப்பவர் தானே அபேட்சகர் அல்ல, அமைச்சுக்கு ஆள் சொல்பவர் தானே அமைச்சர் அல்ல. அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு ஆட்கள் என்பதும், அங்கே குஞ்ஞாலிக்குட்டியின் சொல்லுக்கு உள்ள கனமும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சண்டை முற்றும்போது போய் உட்கார ஒரு வீடு இருக்கிறது. எங்களிடம் தலைவரும் அவரே, அமைச்சரும் அவரே, தேசியப் பட்டியலைப் பங்கிடுபவரும் அவரே. அவரோடு கோபித்தவர் போய் முறையிட இடமில்லை, ஆகவே புதுக் கட்சி.

இரண்டாவது, கீழே உள்ள கிளை. சாகை என்கிற வட்டாரக் கிளை, அதற்கு மேல் பஞ்சாயத்து, தொகுதி, மாவட்டம், மாநிலம். உறுப்பினர் சேர்ப்பு நடந்து, கீழிருந்து நிர்வாகிகள் தெரிவாகி மேலே போகிறது. பக்கத்தில் மாணவர், இளைஞர், தொழிலாளர், விவசாயி, பெண்கள் அணிகள். வளைகுடாவில் கே.எம்.சி.சி., அங்கே மௌத்தானவரின் ஜனாஸாவை ஊருக்கு அனுப்பும் வேலையிலிருந்து ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் பணம் வரை. சந்திரிகா பத்திரிகை 1934இலிருந்து வருகிறது, கட்சியை விட மூத்தது.

கிளைக்குத் தேர்தல் இல்லாத நாளிலும் வேலை இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. 1996இல் இடதுசாரி அரசு மக்கள் திட்டம் என்று திட்டப் பணத்தின் பெரும் பங்கைப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்தது. பாதை, கிணறு, வீடு எல்லாம் ஊரிலேயே முடிவாகும்போது, கிளைச் செயலாளரைத் தேடி மக்கள் வருவார்கள். எங்கள் பிரதேச சபைகளுக்கு மின்விளக்கு மாற்றவே காசில்லை. அப்படியிருக்க எல்லோரும் கொழும்பில் அமைச்சரின் வாசலில் நிற்பதில் வியப்பென்ன?

குறையை மறைக்கவும் கூடாது. உள்ளூராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டத்தால் லீக் பெண்கள் பஞ்சாயத்துத் தலைவிகளாக இருக்கிறார்கள். சட்டசபைக்கோ 1996இல் ஒரு பெண்ணை நிறுத்தினார்கள், அடுத்தவரை நிறுத்த 2021 வரை சென்றது, இருவரும் தோற்றார்கள். அதே 2021இல் மாணவர் அணியின் பெண்கள் பிரிவான ஹரிதா, தங்களை இழிவாகப் பேசியதாக மாணவர் அணித் தலைவர் மீது மகளிர் ஆணைக்குழுவில் முறையிட்டது. கட்சி என்ன செய்தது? ஹரிதாவின் குழுவைக் கலைத்தது. கேரளாவைப் பாருங்கள் என்பவர்கள் இதையும் பார்க்கட்டும். எங்கள் வகுப்பறைகளில் முன்வரிசையில் இருப்பவர்கள் பெண் பிள்ளைகள்தான், நாளை கேட்பார்கள்.

மரமோ மயிலோ குதிரையோ, உங்கள் வட்டாரத்தில் கட்சிக் கிளை ஒன்று இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர் பெயர்கள் எழுதிய கொப்பி யாரிடம் இருக்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் போடுங்கள்.